ஐந்து கை வைத்த கோட்டு

செந்தட்டியூர் அம்மன் கொடைத் திருவிழாவின் இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை காலையில், என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து, ஒரு கையில் காப்பி டம்ளரையும் இன்னொரு கையில் பீடியையும் பிடித்துக்கொண்டு, மூன்றாவது கையால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்த கவலை, பேண்ட் செட்டுக்குக் கோட்டு தைக்கிற மெரூன் துணி வீட்டில் ஒரு சாண்கூட மிச்சமில்லையே என்பதுதான்.

"ஏளா, இதுக்கும் ஒரு கை தைக்கணும் போலுக்கே," என்றார்.

"துணிக்கு நான் எங்க போவேன்?" என்றேன்.

அவ்வளவுதான் பேசினோம். அதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட்டது.

எங்களுடையது வெள்ளிமணி பேண்ட் செட். ஆள் நான்கே பேர். என் வீட்டுக்காரர் பொன்னுலிங்கம்தான் தலைவர், சாக்சபோன் அவருடையது. அருளப்பன் டிரம்பெட், சங்கரபாண்டி கிளாரினெட், மைதீன் டிரம். ஆனால் எங்கள் ஊரில் ஒருவன் ஒரே வாத்தியத்தை வைத்துக்கொண்டு பிழைக்க முடியாது, ஏனென்றால் அம்மன் கொடைக்கும் மாதா கோவில் தேருக்கும் தர்கா கந்தூரிக்கும், கல்யாணத்துக்கும் சாவுக்கும், இரண்டு கட்சி ஊர்வலத்துக்கும் ஊரில் இருப்பது இந்த ஒரே செட்டுதான். காலையில் சாமி ஆடுகிறவருக்கு வேகமாக அடித்தவன், பத்து மணிக்கு ஞானப்பாட்டுக்கு ஆர்மோனியம் பிடித்து, மத்தியானம் பெண் மாப்பிள்ளைக்குச் சினிமாப் பாட்டு வாசித்து, பொழுது சாய்கையில் யாராவது போய்ச் சேர்ந்திருந்தால் அவர் பின்னாலும் நடக்க வேண்டும். அதனால் எல்லோருக்கும் மூன்று நான்கு வாத்தியம் தெரியும். என் வீட்டுக்காரருக்குச் சங்கிலிருந்து கீபோர்டு வரைக்கும் தெரியாதது இல்லை. வெளியூரிலிருந்து வந்த சங்கீதம் படித்த ஒருவர், "எல்லாம் தெரிஞ்சவனுக்கு எதுவும் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் ஊரில் அதைத் திட்டாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, வேலைக்கு வேண்டிய தகுதி அதுதானே என்று விட்டுவிட்டார்கள்.

செட்டைத் தொடங்கியவர் என் மாமனார். பட்டாளத்து பேண்டில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். அவர் வைத்த சட்டம் இரண்டு. யூனிபாரம் போடாத கை வாத்தியத்தைத் தொடக்கூடாது. ஒருவன் வாத்தியத்தை இன்னொருவன் வாசிக்க நேர்ந்தால், அந்த ஆளின் கோட்டுக் கைக்குள் தன் கையை விட்டுத்தான் வாசிக்க வேண்டும். அவர் செத்துப் பதினாறு வருஷமாகிறது, சட்டம் சாகவில்லை. கோட்டு தைப்பது என் வேலை. ஒவ்வொருவர் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் எங்கே இருக்கிறது என்று என் அளவு நோட்டில் இருக்கிறது. ஏழாம் வகுப்போடு நின்றவள் நான், ஆனால் அந்த நோட்டில் ஒரு கால் இஞ்சு தப்பு யாரும் கண்டுபிடித்தது கிடையாது.

கொடையின் முதல் நாள் சாயங்காலம் அருளப்பன் கடைவாய்ப் பல் வீங்கி, கன்னத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு வந்து, தன் கோட்டை என் வீட்டுக்காரரிடம் கொடுத்தான். இவர் தன் கோட்டுக்கு மேலே அவன் கோட்டைப் போட்டுக்கொண்டு, அவன் டிரம்பெட்டையும் சேர்த்து வாசித்தார். அலுப்பில் கோட்டைக் கழற்றாமலேயே படுத்துவிட்டார். விடிந்து கழற்றினபோது கை இருந்தது. வலது தோளுக்குக் கீழே, விலாவை ஒட்டி, கொஞ்சம் ஒல்லியாக, நல்ல பழக்கமுள்ள கை.

வாய் ஒன்றுதானே, இரண்டு ஊதுகிற வாத்தியத்தை எப்படி வாசித்தார் என்று கேட்பீர்கள். இரண்டு கன்னத்திலும் வெற்றிலையை அடக்கிக்கொண்டு ஊர் வழக்கெல்லாம் பேசுகிற மனிதர்கள் நிறைந்த ஊர் எங்களுடையது. இடது கடைவாயில் டிரம்பெட்டையும் வலது கடைவாயில் தன் சாக்சபோனையும் வைத்து அவர் வாசித்தபோது யாரும் அதைப் பெரிதாகப் பார்க்கவில்லை.

கையைப் பார்த்தார்கள். கொடைக் கமிட்டித் தலைவர் ஆவுடையப்ப அண்ணாச்சி, அரிசிக் கடைக்காரர், எதையும் எடை போட்டே பார்க்கிறவர், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "நாலு கைன்னா சாமின்னு கும்பிடணும். மூணுன்னா மனுசன்தான். கூலி பேசலாம்," என்றார்.

அதோடு ஊருக்கு அது பழகிவிட்டது. மாதா கோவில் ஃபாதர் வலது கை இடது கை என்று வருகிற பிரசங்கத்தை மட்டும் வேறு வாரத்துக்குத் தள்ளிவைத்தார். தர்கா லெப்பை சலாம் சொல்ல எந்தக் கையைப் பிடிப்பது என்று கொஞ்ச நாள் தடுமாறி, பிறகு அப்போதைக்கு எது சும்மா இருக்கிறதோ அதைப் பிடித்தார். பஸ் கண்டக்டர் ஒரு டிக்கெட்தான் கொடுத்தார். ஆஸ்பத்திரி டாக்டர் அளந்து பார்த்துவிட்டுச் சத்து மாத்திரை எழுதினார். ரேஷன் கடையில் மட்டும் சின்னக் குழப்பம்: மூன்றாவது கையின் பெருவிரலை மெஷினில் வைத்தால், பொன்னுலிங்கம் குடும்பம் என்று வராமல் அருளப்பன் குடும்பம் என்று வந்தது. மெஷின் கோளாறு என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். மாதா கோவிலைத் தாண்டும்போதெல்லாம் அந்தக் கை தானாக எழும்பிச் சிலுவை போட்டது. பொன்னுலிங்கத்துக்கு எல்லா சாமியும் ஒன்று, நல்ல மனுசன் என்று ஊர் மெச்சிக்கொண்டது.

பத்து நாளில் அருளப்பனுக்குப் பல் சரியாகிவிட்டது. மாதா கோவில் தேர் வந்தது. கமிட்டிக்காரர்கள் வந்து, "பொன்னுலிங்கம் அண்ணாச்சி, மூணு பேர் வந்தாப் போதும், டிரம்பெட்டையும் நீங்களே பாத்துக்கிடுங்க. ஒரு இலை குறையுமில்லா?" என்றார்கள். இவர் யாரிடமும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனிதர். "சரி, இந்த ஒரு தடவைக்கு," என்றார். தன் கோட்டை வாங்க வந்த அருளப்பன் வாசலிலேயே நின்றான். "இங்கயே இருக்கட்டும் மதினி. வேலை வந்தா எடுத்துக்கிடுதேன்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

இவருடைய மூன்றாவது கைக்கு அதுவரை அருளப்பன் கோட்டையே மேலே போர்த்திக்கொண்டு போனார். வெயிலில் இரண்டு கோட்டு. வேர்க்குரு வந்துவிட்டது. மெரூன் துணிக்கு ஜவுளிக் கடையில் கேட்டால், அந்தக் கலர் இனி வராது என்றார்கள். நான் இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் அருளப்பன் கோட்டின் வலது கையைத் தோளோடு பிரித்தெடுத்து, என் வீட்டுக்காரர் கோட்டில் விலாவைத் திறந்து ஏற்றித் தைத்தேன். அடுத்தவர் துணியை அவரைக் கேட்காமல் வெட்டுகிறவள் தையல்காரியே இல்லை என்று எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அக்கா சொல்லுவாள். வெட்டவில்லை, பிரிக்கத்தானே செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தையல் அவ்வளவு சுத்தமாக விழுந்திருந்தது. அதைத்தான் இப்போது நினைத்தாலும் பொறுக்க முடியவில்லை.

பிறகு நடந்தது எல்லாம் முதலில் நடந்த மாதிரியேதான். சங்கரபாண்டி மகளுக்குப் பிரசவம் என்று இரண்டு நாள் வரவில்லை, கோட்டைக் கொடுத்துவிட்டுப் போனான், நான்காவது கை வந்தது. மைதீன் தங்கச்சி நிக்காஹ் என்று ஒரு நாள் வரவில்லை, ஐந்தாவது கை வந்தது. பாங்குச் சத்தம் கேட்டால் அது டிரம் குச்சியைத் தாழ்த்தி அப்படியே நிற்கும், முடிந்ததும் விட்ட இடத்தில் தொடங்கும். இரண்டு பேரும் திரும்பி வந்தபோது ஊர் அவர்களையும் வேண்டாம் என்றது. அவர்கள் கோட்டுக் கைகளையும் நான் பிரித்துத் தைத்தேன். முதல் கைக்கு இரண்டு நாள் யோசித்தவள், கடைசிக் கைக்கு இரண்டு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

ஐந்து கை வைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர் தெருவில் வந்தால் பார்க்கத்தான் நன்றாக இருந்தது. கொடையா, அவர் ஒருவர். கந்தூரியா, அவர் ஒருவர். ஆளுங்கட்சி ஊர்வலத்தில் முன்னால் போனார், எதிர்க்கட்சி கோபித்துக்கொள்ள, அதற்கும் முன்னால் போனார். எலெக்‌ஷனில் மை வைக்கிறவர் ஆள்காட்டி விரல்களை எண்ணிப் பார்த்துவிட்டு, எதற்கு வம்பு என்று எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டார். செட்டு என்பது ஒரு ஆளாகவும் ஆகலாம் என்பதை ஊர் கண்டுபிடித்து, இவ்வளவு வருஷம் நான்கு இலை போட்டு ஏமாந்திருக்கிறோமே என்று வருத்தப்பட்டது.

எனக்குத்தான் மனசு ஒரு நிலையில் இல்லை. முன்னெல்லாம் எந்த வேலைக்குப் போய்விட்டு வந்தாலும் நான்கு பேரும் எங்கள் வாசலில் உட்கார்ந்து கோட்டைக் கழற்றி, ஒருவரை ஒருவர் கேலி செய்து, ஆளுக்கு இரண்டு டம்ளர் கடுங்காப்பி குடித்துவிட்டுத்தான் போவார்கள். இப்போது இவர் தனியாக வந்து, ஐந்து கையையும் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு கையும் ஒவ்வொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஒரு டம்ளர் காப்பி கொடுத்தால், எந்தக் கை வாங்குவது என்று ஐந்தும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்து, காப்பி ஆறிப்போனது.

சித்திரை மாதம் ஒரு நாள் மத்தியானம் அருளப்பன் இரண்டு சட்டையை எடுத்துக்கொண்டு வந்தான்.

"மதினி, வலது கையை மடிச்சுத் தச்சுக் குடுங்க. சும்மா காத்துல ஆடிக்கிட்டுக் கிடக்கு."

"எவ்வளவு மடிக்கணும் தம்பி?"

"முழுசா."

அப்போதுதான் பார்த்தேன். துண்டைத் தோளில் போட்டு மறைத்திருந்தான். தோளுக்குக் கீழே ஒன்றுமில்லை. வலி உண்டா என்று கேட்டேன். இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது, ரேஷன் கடையில் மட்டும் அந்த விரல் வைக்க முடியவில்லை, இடது விரலை வைத்தால் அரிசி ஏற்கெனவே வாங்கியாச்சு என்று மெஷின் சொல்லுது என்றான்.

"யாருட்டயும் சொல்லலயா?"

"சொல்லி என்ன செய்ய? டிரம்பெட் வாசிக்கதுக்குத்தான் அந்தக் கை. வாசிக்கக் கூப்பிட ஆளில்ல. சங்கரபாண்டிக்கும் இதே கதைதான். மைதீன் ஒத்தக் கையோட திருப்பூர் போயிட்டான், பனியன் கம்பெனில எண்ணிக்கை பாக்க வேலை. எண்ணதுக்கு ஒரு கை போதுமாம்."

அவன் சிரித்தான். நான் சட்டையை வாங்கி வைத்துக்கொண்டு அவனை அனுப்பிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். டேப்பை எடுத்துக்கொண்டு போய் மூன்றாவது கையை அளந்தேன். தோளிலிருந்து மணிக்கட்டு இருபத்து மூன்றரை. முழங்கை பதிமூன்றில். நோட்டில் அருளப்பன் பக்கத்தைத் திறந்தேன். இருபத்து மூன்றரை. பதிமூன்று. நான்காவதைச் சங்கரபாண்டி பக்கத்தோடும், ஐந்தாவதை மைதீன் பக்கத்தோடும் வைத்துப் பார்த்தேன். ஒரு கால் இஞ்சு தப்பில்லை. என் நோட்டு அவ்வளவு சரியாக இருந்ததற்காக நான் அழுதது அன்றைக்குத்தான்.

அவர் விழித்துக்கொண்டார். "தெரியுமா உங்களுக்கு?" என்றேன்.

"தெரியும். அருளப்பன் கை டிரம்பெட்டத் தொடுறதுக்கு முன்னால சுண்டுவிரல மட்டும் நீட்டும். பதினெட்டு வருசமாப் பாக்கேன்."

"பெறகு ஏன் பேசாம இருந்தீங்க?"

"ஊரு சந்தோசமா இருந்துச்சே," என்றார். பிறகு குனிந்துகொண்டு, "நானும்தான். கை தட்டுனாங்கல்லா," என்றார்.

எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பிடித்து இழுத்துப் பார்த்தோம். வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தோம். போ என்று சொல்லிப் பார்த்தோம்; அவை நல்ல கைகள், சொன்னாலும் தலைவர் வீட்டை விட்டுப் போக அவற்றுக்கு மனசில்லை. எனக்கு ஒன்றுதான் தோன்றியது. கை என்ன காரணத்தால் வந்ததோ எனக்குத் தெரியாது. ஆனால் அது தங்கியது என் தையலால். அந்த வருஷத்துக் கொடை வருகிற வரைக்கும் நான் பொறுத்தேன், ஏனென்றால் ஊர் கண்ணெதிரே செய்யாவிட்டால், ஊர் மறுபடியும் அதையே செய்யச் சொல்லும்.

கொடை நோட்டீசில் அம்மன் படத்தைவிடப் பெரிதாக என் வீட்டுக்காரர் படம் போட்டு, ஐந்து கை அதிசயக் கலைஞர் என்று அச்சடித்திருந்தார்கள். திங்கட்கிழமை நான் மெஷினை மூடிவைத்துவிட்டு, பிளேடை எடுத்து, ஐந்து கைக் கோட்டின் விலாத் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். மூன்று கோட்டுக் கைகளையும் அதனதன் கோட்டில் ஏற்றித் தைத்து, இஸ்திரி போட்டு, கொடியில் மாட்டினேன். என் வீட்டுக்காரருக்கு இரண்டு கை வைத்த கோட்டு. விலாவில் மூன்று ஓட்டை மட்டும் விட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் கோவில் வாசலில் ஊரே கூடியிருந்தது. இவர் போய் நின்றார். மூன்று கையும் ஓட்டைகள் வழியே வெறுமையாக வெளியே நீட்டிக்கொண்டு, விரல்களைச் சேர்த்து, பக்கவாட்டில் விறைப்பாக நின்றன. டிரம்பெட்டைப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். தொடவில்லை. டிரம் குச்சியை விரலுக்கு நடுவே செருகினார்கள். கீழே விழுந்தது.

"வாசிக்கச் சொல்லும் வே!" என்றார் ஆவுடையப்ப அண்ணாச்சி.

"யூனிபாரம் இல்லாம வாசிக்காது அண்ணாச்சி."

"யாரு சொன்னா?"

"எங்கப்பா."

"உங்கப்பா செத்துப் பதினாறு வருசம் ஆச்சுல்லாவே!"

"அது இதுகளுக்குத் தெரியலயே அண்ணாச்சி."

கூட்டம் சிரித்தது. சாமியாடி வேப்பிலையைக் கையில் பிடித்துக்கொண்டு, அருள் வருவதற்கு மேளம் இல்லாமல், தேர்வு எழுத வந்தவர் பேனாவை மறந்த மாதிரி முழித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா சண்முகக்கனி, நீ எதுக்கு இருக்க? ஓடிப் போயி மூணு கை தச்சுக் கொண்டா. அரை மணி நேரம் சாமி பொறுக்கும்."

"தச்சுட்டேன் அண்ணாச்சி," என்றேன். "ஆளைத்தான் கூப்பிடணும்."

பையில் கொண்டுவந்திருந்த கோட்டுகளை எடுத்துக் காட்டினேன். அருளப்பனும் சங்கரபாண்டியும் கூட்டத்தில் கடைசியில் நின்றுகொண்டிருந்தார்கள். கொடை பார்க்க வந்தேன் என்று பிற்பாடு அருளப்பன் சொன்னான். கையைப் பார்க்க வந்திருப்பான் என்றுதான் நான் நினைக்கிறேன். முன்னால் வர மாட்டேன் என்றான். நான் போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன், இருந்த ஒரு கையை. கோட்டை மாட்டிவிட்டேன். வலது பக்கம் காற்றுப் போன பலூன் மாதிரித் தொங்கியது. முதல் பித்தானை நான் போட்டேன். இரண்டாவது பித்தானை இடது கையால் அவன் போட்டான். அதற்குள் தோளிலிருந்து துணி மெல்ல நிரம்பத் தொடங்கியது, வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்ட மாதிரி முழங்கை வரை வந்து, கொஞ்சம் நின்று, பிறகு மணிக்கட்டுக்கு வந்தது. நான்காவது பித்தானை அவன் வலது கையாலேயே போட்டான். சுண்டுவிரல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் விலாவில் ஒரு ஓட்டை காலியாக இருந்தது.

சங்கரபாண்டிக்கும் அப்படியே.

"என் கையை வச்சு என்னல்லாம் பாவம் செஞ்சீரு அண்ணே?" என்றான் அருளப்பன்.

"முதுகு சொறிஞ்சேன்."

"ஒரு வருசமாவா? அதான் தேஞ்சு கெடக்கு," என்று சொல்லிவிட்டு அவன் டிரம்பெட்டை எடுத்தான்.

ஒரு வருஷம் தொடாததால் அன்றைக்கு அவர்கள் வாசிப்பு சுமாராகத்தான் இருந்தது. சங்கரபாண்டி இரண்டு இடத்தில் பிசிறடித்தான். டிரம்முக்கு ஆளில்லாமல் என் வீட்டுக்காரரே தன் சொந்தக் கையால் அடித்தார், அது கொஞ்சம் முன்னே ஓடியது. சாமியாடிக்கு அருள் வரத்தான் செய்தது, ஆனால் வழக்கத்தைவிடக் கால் மணி நேரம் பிந்தி வந்தது. ஆவுடையப்ப அண்ணாச்சி பந்தியில் நின்று இலைகளைப் பார்த்துக்கொண்டே, "என்ன இருந்தாலும் அந்த ஒத்தை ஆளு கச்சேரி மாதிரி வராது," என்றார். ஊரும் ஆமாம் என்றது. ஆனால் மூன்று பேரும் சாப்பிட்டார்கள்.

மைதீன் கை மட்டும் எங்கள் வீட்டில் இருந்தது. அது யாருக்கும் தொந்தரவு இல்லை. நான் துணி வெட்டும்போது மறுமுனையைப் பிடித்துக்கொடுக்கும். பாங்கு சொன்னால் நிற்கும். பொழுதுபோகாதபோது சுவரில் விரலால் தாளம் போடும், அதைக் கேட்டு என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஊர் மறுபடியும் பேசத் தொடங்கியது: டிரம்முக்கு ஆள் எதுக்கு, அதுதான் கை இருக்கே. அன்றைக்கே மைதீன் கோட்டைப் பொட்டலம் கட்டினேன். தபாலாபீசில் இருந்த பெண் உள்ளே என்ன என்று கேட்டாள். கோட்டு என்றேன். திருப்பூருக்கா துணி அனுப்புதீங்க என்று சிரித்தாள். பின்கோடு சரியா என்று மூன்று தடவை கேட்டேன். மழையில் நனைந்துவிடுமோ, யாராவது மாற்றி வாங்கிவிடுவார்களோ, வாங்கிய ஆள் போட்டுப் பார்த்துவிடுவாரோ, போட்டுப் பார்த்தால் கை அங்கே போய்விடுமோ என்று நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அவர் சட்டையைத் தூக்கி விலாவைப் பார்த்தேன். கை இருந்தது. நான்காம் நாளும் இருந்தது. ஐந்தாம் நாள் மத்தியானம் நான் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது, மறுமுனை பட்டென்று கீழே விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"மதினி, நான் மைதீன். கோட்டு வந்துட்டு."

"கை?"

"கை அரை இஞ்சு நீளம் மதினி. உள்ளங்கைய மறைக்கு."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டேன். நோட்டை எடுத்துப் பார்த்தேன். இருபத்து நாலேகால் என்று தெளிவாக இருந்தது. அவன் கை ஒரு வருஷம் எங்கள் வீட்டில் இருந்து இளைத்துவிட்டதா, இல்லை நான் வேகத்தில் இறக்கித் தைத்துவிட்டேனா, தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் என் அளவில் ஒருவர் குறை சொன்னது அதுதான் முதல் தடவை.

"அங்க யார்ட்டயும் குடுத்துராத, கெடுத்துருவானுவ," என்றேன். "நேர்ல வா. நானே மடிச்சுத் தாரேன்."

"கந்தூரிக்கு வந்துருதேன் மதினி. டிரம்மை வெயில்ல வைக்கச் சொல்லுங்க, தோல் தளந்திருக்கும்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து, ஒரு கையில் காப்பி டம்ளரையும் இன்னொரு கையில் பீடியையும் பிடித்துக்கொண்டு, தோளை இப்படியும் அப்படியும் நெளித்துக்கொண்டிருந்தார்.

"ஏளா," என்றார், "முதுகைக் கொஞ்சம் சொறிஞ்சு விடேன்."